பட்ஜெட்ல வரி குறைஞ்சிருக்குன்னு சொன்னா, வீடு வாங்குறவங்களும் விக்கிறவங்களும் எதைப் பாக்கணும்?

பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் உரை முடியறதுக்குள்ளயே சொந்தக்காரங்க குரூப்ல கேள்வி வந்துடும், வீட்டு விலை குறையுமா, இப்பவே அட்வான்ஸ் போடலாமா இல்ல ஒரு வருஷம் பொறுக்கலாமான்னு. எந்த பட்ஜெட்டும் வீட்டு விலையை நேரா ஏத்தாது, இறக்காது. விலை பேசுறது விக்கிறவரும் வாங்குறவரும்தான். பட்ஜெட் தொடுறது அந்த விலையைச் சுத்தி கைமாறுற மத்த காசை, அதாவது பத்திரம் பதியற செலவு, வித்தா வர்ற லாபத்துக்கு வரி, ஹோம் லோனுக்கு கிடைக்கற வரிச்சலுகை, வாங்கும்போது விலைல இருந்து பிடிச்சு அரசுக்குக் கட்ட வேண்டிய வரியான டிடிஎஸ், இந்த மாதிரி. ஆனா இதெல்லாம் சேர்ந்தா சில லட்சம் ஆயிடும், அதனால விலைக்கு சமமா கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இந்தக் கட்டுரைல நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது ஒண்ணுதான். டிவில கீழ ஓடுறது எப்பவுமே ரேட் மட்டும்தான், "20-ல இருந்து 12.5 ஆச்சு", "11-ல இருந்து 9 ஆச்சு"ன்னு. அந்த ரேட் எந்தத் தொகை மேல விழுதுங்கறதை யாரும் ஓட விட மாட்டாங்க. கடந்த சில வருஷத்துல வீடு மனை சம்பந்தமா வந்த பெரிய மாற்றம் பலதுலயும் ரேட் குறைஞ்சிருக்கு, கூடவே அந்த ரேட் விழற தொகை பெருசாயிருக்கு. ரெண்டையும் பெருக்கிப் பாத்தாதான் நமக்கு லாபமா நஷ்டமான்னு தெரியும்.

முதல்ல யார் கைல என்ன இருக்குன்னு பாத்துடுவோம், ஏன்னா நிறைய பேர் எல்லாத்தையும் மத்திய பட்ஜெட்ல தேடுறாங்க. வருமான வரி, டிடிஎஸ், லாபத்துக்கு வரி இதெல்லாம் மத்திய அரசு. பத்திரப்பதிவு செலவு, அதாவது முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும், வழிகாட்டி மதிப்பும் (தெருவுக்குத் தெரு அரசு நிர்ணயிக்கற நில மதிப்பு, பத்திரச் செலவு கணக்குப் போட இதைத்தான் பாப்பாங்க) மாநில அரசு, அதனால நம்ம ஊர்ல அது சென்னைல வாசிக்கற பட்ஜெட்லயோ அப்பப்போ வர்ற அரசாணைலயோதான் மாறும். ஜிஎஸ்டி ரெண்டு அரசும் உக்கார்ற ஜிஎஸ்டி கவுன்சில்ல முடிவாகும், பட்ஜெட்டுக்குக் காத்திருக்காது. உதாரணத்துக்கு சிமெண்டுக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 18 ஆனது 2025 செப்டம்பர் 22-ல, அது பட்ஜெட் சீசனே இல்ல. ஹோம் லோன் வட்டி ரிசர்வ் பேங்கோட ரெப்போ ரேட்டை (பேங்குகளுக்கு அது குடுக்கற கடனோட வட்டி) ஒட்டி நகரும், 2025 பிப்ரவரில 6.5-ல இருந்து இறங்க ஆரம்பிச்சு டிசம்பர்ல 5.25 சதவீதத்துக்கு வந்துச்சு, அதுலயும் நிதியமைச்சர் உரைல ஒரு வரி கூட கிடையாது.

பத்திரச் செலவு: 11 பெருசா 9 பெருசா?

நம்ம தமிழ்நாட்டு உதாரணத்துலயே ஆரம்பிக்கறேன், ஏன்னா ரேட்டுக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் இதுல பளிச்சுனு தெரியும். 2017 ஜூன் வரைக்கும் ஒரு மனை வாங்கினா முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, மொத்தம் 8 சதவீதம். 2017 ஜூன்ல அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சுது, அதே கையோட பதிவுக் கட்டணத்தை 1-ல இருந்து 4 ஆக்குச்சு, அப்ப மொத்தம் 11. அப்புறம் 2023 மார்ச் பட்ஜெட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பதிவுக் கட்டணம் 4-ல இருந்து 2 ஆகுதுன்னு அறிவிச்சார், வழிகாட்டி மதிப்பு திரும்பவும் 2017-ல குறைக்கறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே போகும்னும் அறிவிச்சார். மொத்தம் 9.

இப்ப ஒரு கிரவுண்ட் மனை, 2400 சதுர அடின்னு எடுத்துக்கோங்க, சதுர அடிக்கு வழிகாட்டி மதிப்பு 2000 ரூபாய். 2017-க்கு முன்னாடி அரசு கணக்குல அதோட மதிப்பு 48 லட்சம், 8 சதவீதம் போட்டா 3,84,000. 33 சதவீதம் குறைச்சதுக்கு அப்புறம் சதுர அடி 1340, மனை மதிப்பு 32,16,000, 11 சதவீதம் போட்டா 3,53,760. 2023-ல மறுபடி 48 லட்சம், 9 சதவீதம், 4,32,000. பாத்தீங்களா, எட்டு பதினொண்ணானப்ப கட்ற காசு குறைஞ்சிருக்கு, பதினொண்ணு ஒன்பதானப்ப 78,000 ரூபாய் கூடியிருக்கு. அறிவிப்புல "பதிவுக் கட்டணம் பாதியா குறைப்பு"ங்கறது உண்மைதான், பொய் ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டாவது வரியை விட்டுட்டு முதல் வரியை மட்டும் கேட்டவங்க சார்பதிவாளர் ஆபீஸ்ல போய் நிக்கும்போதுதான் கூடுதல் காசு வேணும்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்த 2023 வழிகாட்டி மதிப்பு விஷயம் கோர்ட்டு வரைக்கும் போய், அப்புறம் 2024 ஜூலை 1-ல இருந்து புது மதிப்புகள் வந்துச்சு, அதனால உங்க தெருவுக்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு பதிவுத்துறை வெப்சைட்ல தெரு பேரோ சர்வே நம்பரோ போட்டு நீங்களே பாத்துக்கங்க, புரோக்கர் சொல்றதை வச்சு பட்ஜெட் போடாதீங்க.

புது ஃபிளாட்லயும் இதே கதைதான். முன்னாடி பில்டர்கிட்ட வாங்கும்போது யுடிஎஸ், அதாவது உங்க பங்கு நிலத்துக்கு மட்டும் தனியா கிரயப் பத்திரம், கட்டடத்துக்கு தனியா கட்டுமான ஒப்பந்தம்னு பதிவாங்க, அப்ப முழு ரேட் விழறது நிலத்து மதிப்பு மேல மட்டும்தான். 2023 டிசம்பர் 1-ல இருந்து நிலம் கட்டடம் ரெண்டையும் சேர்த்து கூட்டு மதிப்புன்னு ஒண்ணு நிர்ணயிச்சு மொத்தத்துக்கும் பதியற முறை வந்துச்சு. அதுக்கு ஈடா முத்திரைத்தீர்வை 50 லட்சம் வரைக்கும் 4 சதவீதம், 50 லட்சத்துல இருந்து 3 கோடி வரைக்கும் 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 தனி. ரேட் குறைவு, தொகை பெருசு. பில்டர்கிட்ட இருந்து முதல்ல வாங்குறவங்களுக்குத்தான் இந்தக் குறைஞ்ச ரேட், ரீசேல் ஃபிளாட்டுக்கு வழக்கமான 9 தான்.

பெண்கள் பேர்ல வாங்கினா குறையும்னு நிறைய பேர் சொல்லி கேட்டிருப்பீங்க. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்ல நிர்மலா சீதாராமன் மாநிலங்களைப் பாத்து முத்திரைத்தீர்வையை குறைங்க, பெண்கள் வாங்கினா இன்னும் குறைக்கலாம்னு சொன்னாங்க, அது வேண்டுகோள்தான், உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம் இல்ல. தமிழ்நாட்டுல 2025 மார்ச் பட்ஜெட்ல தங்கம் தென்னரசு அறிவிச்சது, 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலம் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் 1-ல இருந்து. கிராமத்துல, சின்ன ஊர்கள்ல மனை வாங்குறவங்களுக்கு இது நல்ல உதவி, 10 லட்சத்து மனைக்கு 10,000 ரூபாய் மிச்சம், அதை விட முக்கியமா சொத்து வீட்டுப் பொம்பளைங்க பேருக்கு வர இது ஒரு காரணமாகுது, அதை நான் மனசார வரவேற்கறேன். ஆனா சென்னைல 60 லட்சத்துக்கு ஃபிளாட் பாக்கறவங்க இதை கணக்குல சேர்த்துக்காதீங்க, உங்களுக்கு வராது.

விக்கிறவங்களுக்கு: 20-ஆ 12.5-ஆ

2024 ஜூலை 23 பட்ஜெட்ல நடந்ததுதான் இந்த விஷயத்துல சமீபத்துல வந்ததுலயே பெரிய மாற்றம். அடிப்படையில இருந்து சொல்றேன். வீடோ மனையோ வாங்கி 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா வர்ற லாபம் நீண்டகால மூலதன ஆதாயம் (முன்னாடி 36 மாசம், 2017 பட்ஜெட்ல 24 ஆச்சு). 24 மாசத்துக்குள்ள வித்தா அந்த லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப் (வருமானம் ஏற ஏற ரேட்டும் ஏறற அடுக்கு) படி வரி. நீண்டகால லாபத்துக்கு ரொம்ப வருஷமா 20 சதவீதம் வரி இருந்துச்சு, ஆனா "இண்டெக்சேஷன்"னு ஒரு சலுகையும் இருந்துச்சு. 20 வருஷம் முன்னாடி 10 லட்சம்ங்கறது இன்னிக்கு 10 லட்சம் இல்லையே, பணவீக்கம் தின்னுடுச்சே, அதனால அரசு வருஷா வருஷம் வெளியிடற ஒரு குறியீட்டு எண்ணை வச்சு நீங்க வாங்கின விலையை இன்னிக்கு மதிப்புக்கு ஏத்திக்கிட்டு அதுக்கு மேல வர்றதை மட்டும் லாபம்னு காட்டலாம். 2001-02-க்கு அந்த எண் 100, 2025-26-க்கு 376.

2024 பட்ஜெட்ல ரேட்டை 12.5 ஆக்கினாங்க, இண்டெக்சேஷனை எடுத்துட்டாங்க. உடனே பாதி பேர் வரி குறைஞ்சதுன்னு சந்தோஷப்பட்டாங்க, பாதி பேர் கொந்தளிச்சாங்க, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்துச்சு, ஏன்னா இது ஒவ்வொரு சொத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்.

ஒருத்தர் 2005-06-ல புறநகர்ல 10 லட்சத்துக்கு மனை வாங்கி 2025-26-ல 1 கோடிக்கு விக்கறார்னு வைங்க. பழைய முறைல 2005-06 குறியீடு 117, அப்ப 10 லட்சம் ஏறி சுமார் 32.14 லட்சம் ஆகுது, லாபம் 67.86 லட்சம், 20 சதவீதம் வரி 13.57 லட்சம். புது முறைல லாபம் முழுசா 90 லட்சம், 12.5 சதவீதம் வரி 11.25 லட்சம். இவருக்கு புது முறைதான் நல்லது, ரெண்டு லட்சத்துக்கு மேல மிச்சம்.

இன்னொருத்தர் 2014-15-ல 50 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி 2025-26-ல 80 லட்சத்துக்கு விக்கறார். அந்த வருஷ குறியீடு 240. 50 லட்சம் ஏறி சுமார் 78.33 லட்சம், லாபம்னு நிக்கறது வெறும் 1.67 லட்சம், வரி 33,000 சொச்சம். புது முறைல லாபம் 30 லட்சம், வரி 3.75 லட்சம். 33,000 எங்க, மூணே முக்கால் லட்சம் எங்க! (ரெண்டு உதாரணத்துலயும் செஸ், அதாவது வரி மேல போடற கூடுதல் வரி, 4 சதவீதம் தனி.) விலை வேகமா ஏறின மனைக்கு 12.5 லாபம், பணவீக்கத்தோட சேர்ந்து மெதுவா ஏறின ஃபிளாட்டுக்கு 12.5 பெரிய அடி, இது ஒண்ணை ஞாபகம் வச்சுக்கிட்டா உங்க சொத்து எந்தப் பக்கம்னு ஆடிட்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஓரளவு தெரிஞ்சுடும்.

எதிர்ப்பு பலமா வந்ததால ஆகஸ்ட்ல நிதி மசோதாலயே திருத்தம் வந்துச்சு: 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின நிலம், கட்டடத்துக்கு ரெண்டு முறையிலயும் கணக்குப் போட்டு எது குறைவோ அந்த வரியை கட்டலாம். அதனால மேல சொன்ன ஃபிளாட்காரர் இன்னிக்கும் 33,000 சொச்சம் கட்டினா போதும். ஒரு சின்ன விஷயம், பழைய முறைல கணக்கு போட்டு நஷ்டம்னு வந்தா வரி இல்ல, அவ்வளவுதான், அந்த நஷ்டத்தை வேற லாபத்துல கழிச்சுக்க முடியாது.

இந்த சலுகை யாருக்கு இல்லங்கறது நம்மள்ல நிறைய குடும்பத்துக்கு முக்கியம். இந்தியால வசிக்கிற தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான் இந்த ரெண்டுல ஒண்ணு. துபாய், சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஆட்கள், வருமான வரி கணக்குல என்ஆர்ஐ-ஆ இருக்கறவங்க, எப்ப வாங்கியிருந்தாலும் 12.5 தான். அதே ஃபிளாட்டை அவங்க வித்தா மூணே முக்கால் லட்சம். எனக்கு இது நியாயமா படலை, ஒரே கட்டடத்துல பக்கத்து பக்கத்து வீட்டை ஒரே வருஷம் வாங்கி ஒரே விலைக்கு விக்கற ரெண்டு பேருக்கு பத்து மடங்குக்கு மேல வரி வித்தியாசம். இந்தியா திரும்பி வர்ற பிளான் இருக்கறவங்க, எந்த வருஷம் விக்கறோம், அந்த வருஷம் நம்ம ரெசிடென்ட்டா என்ஆர்ஐ-ஆங்கறதை ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிட்டு அப்புறம் கிரயம் பண்ணுங்க.

அப்பா தாத்தா காலத்து வீடா? 2001-க்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ல இருந்த சந்தை மதிப்பையே வாங்கின விலையா எடுத்துக்கலாம், 12.5 முறைலயும் இது உண்டு. ஆனா 2020 பட்ஜெட்ல ஒரு கட்டு போட்டாங்க, அந்த மதிப்பு 2001-ல இருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாதுன்னு. அதனால 2001 வழிகாட்டி மதிப்பு என்னன்னு முதல்ல எடுங்க. பரம்பரையா வந்த சொத்துன்னா அப்பா வாங்கின தேதியும் அப்பா கொடுத்த விலையும்தான் உங்க தேதி, உங்க விலை.

வரியை தள்ளிப் போட வழி இருக்கு, அது ரொம்ப வருஷமா இருக்கறதுதான், வேகமா சொல்லிடறேன். வீட்டை வித்து வந்த லாபத்தை ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கவோ மூணு வருஷத்துக்குள்ள கட்டவோ போட்டா அந்த லாபத்துக்கு வரி இல்ல, விக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வாங்கியிருந்தாலும் சரி. வீடு இல்லாம காலி மனையை வித்தீங்கன்னா லாபத்தை மட்டும் போட்டா பத்தாது, வித்து வந்த மொத்தத் தொகையையும் வீட்டுல போடணும், இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. இல்லன்னா ஆறு மாசத்துக்குள்ள ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி மாதிரி அரசு நிறுவனங்களோட பாண்டுல 50 லட்சம் வரைக்கும் போடலாம், அஞ்சு வருஷம் எடுக்க முடியாது, முன்னாடி மூணு, 2018 பட்ஜெட்ல அஞ்சாச்சு. வீட்டுல போட்டா கிடைக்கற விலக்குக்கு 2023 பட்ஜெட்ல வந்த 10 கோடி உச்சவரம்பு பத்தி நம்மள்ல ரொம்ப பேர் கவலைப்பட வேண்டி வராது.

12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னா ஹோம் லோன் சலுகை?

வருமான வரில ரெண்டு முறை இருக்கு, கழிவுகள் நிறைய உள்ள பழைய முறை, ரேட் குறைவா கழிவுகள் பெரும்பாலும் இல்லாத புது முறை, எதுன்னு நாமதான் தேர்ந்தெடுக்கணும். 2025 பட்ஜெட்ல இந்தப் புது வரி முறைல 12 லட்சம் வரைக்கும், சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லன்னு வந்துச்சு. இது வீடு வாங்குறவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. கைல மாசம் நாலு காசு கூட நிக்கும், அதை இஎம்ஐ-ல போடலாம், இது நல்லது. ஆனா புது முறைல சொந்தமா குடியிருக்கற வீட்டு லோன் வட்டிக்கு கழிவு கிடையாது, அசலுக்கு 80சி பிரிவுல வர்ற கழிவும் கிடையாது. பழைய முறைல வட்டிக்கு வருஷம் 2 லட்சம், அசலுக்கு 1.5 லட்சம் வரம்புக்குள்ள. அந்த 2 லட்சம் 2014-ல அருண் ஜேட்லி 1.5-ல இருந்து ஏத்தினது, அதுக்கப்புறம் அங்கயே நிக்குது, இடைல வீட்டு விலை எங்க போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும். 50 லட்சம் லோனை எட்டரை சதவீதத்துல வாங்கினா முதல் வருஷ வட்டியே 4 லட்சத்தைத் தாண்டும், அதுல பாதிக்கு கழிவே இல்ல.

சரி அப்ப பழைய முறைலயே இருந்து அந்த கழிவை எடுக்கலாமான்னா, 15 லட்சம் சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு 2025-26-க்கு போட்டுப் பாக்கலாம். பழைய முறைல வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (சம்பளக்காரங்களுக்கு தானாவே கழியற தொகை) 50,000 எல்லாம் போக 11 லட்சத்துக்கு வரி செஸ்ஸோட 1,48,200. புது முறைல ஒரு லோன் கூட காட்டாம, ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 மட்டும் போக வரி 97,500. லோன் இருந்தும் புது முறைதான் குறைவு. எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) மாதிரி வேற பெரிய கழிவுகள் இருக்கறவங்களுக்கு கணக்கு மாறலாம், ஆனா நிறைய சம்பளக்காரங்களுக்கு இதுதான் நிலைமை. அதனால "வாடகை கட்றதுக்கு பதிலா வீடு வாங்குங்க சார், டாக்ஸ் மிச்சமாகும்"னு இன்னும் சொல்லி விக்கறவங்க பேச்சை தயவுசெஞ்சு நம்பி இறங்காதீங்க, வீடு வேணும்னு வாங்குங்க, குடும்பத்துக்கு தேவைன்னு வாங்குங்க, வரி மிச்சம்ங்கற காரணம் ரொம்ப பேருக்கு இப்ப இல்ல. வாடகைக்கு விட்ட வீடா இருந்தா புது முறைலயும் வட்டியை வாடகை வருமானத்துல கழிக்கலாம், ஆனா வாடகையை விட வட்டி கூட இருந்தா மிச்ச நஷ்டத்தை சம்பளத்துல கழிக்க முடியாது.

விக்கிறவங்களுக்கு இந்த 12 லட்சத்துல ஒரு பொறி இருக்கு. 10 லட்சம் சம்பளம், புது முறைல வரி பூஜ்யம்னு இருக்கற ஒருத்தர் மனை வித்து 30 லட்சம் லாபம் பாத்தா, மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிடும், அந்த வருஷம் சம்பளத்துக்கான தள்ளுபடியும் (வரியை பூஜ்யமாக்கறதே அதுதான்) போயிடும், சம்பளத்துக்கு ஒரு 33,800 தனியா கட்டணும், மனை லாபத்துக்கு 12.5 அது தனி. "12 லட்சம் வரை வரி இல்ல"ங்கறது முதல் 12 லட்சத்துக்கு எல்லாருக்கும் விலக்குன்னு அர்த்தம் இல்ல.

அதே 2025 பட்ஜெட்ல வந்த இன்னொரு நல்ல விஷயம் அவ்வளவா பேசப்படலை. ரெண்டு வீடு வச்சிருந்தா ரெண்டுமே சொந்த உபயோகம்னு காட்டலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. சென்னைல ஒரு ஃபிளாட், ஊர்ல அம்மா இருக்கற வீடோ பூட்டிக் கிடக்கற வீடோ ஒண்ணுன்னு இருக்கறவங்க, வராத வாடகைக்கு கற்பனையா ஒரு தொகை போட்டு வரி கட்ட வேண்டிய தொல்லை போச்சு.

மாநில மதிப்பு ஏறினா மத்திய வரியும் ஏறும்

இதை தனியா எழுதறேன், ஏன்னா ரெண்டு அரசோட முடிவும் ஒண்ணு சேர்ற இடம் இது. பத்திரத்துல போடற விலை வழிகாட்டி மதிப்பை விட ரொம்பக் குறைவா இருந்தா, வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பைத்தான் விலைன்னு எடுத்துக்கும். 10 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இருந்தா விட்டுடுவாங்க (2018 பட்ஜெட்ல 5, 2020-ல 10 ஆச்சு). மார்க்கெட் டல்லா இருக்கு, உண்மையிலேயே 60 லட்சத்துக்குத்தான் வித்தீங்க, ஆனா வழிகாட்டி மதிப்பு 72 லட்சம்னா, 60-க்கு மேல 10 சதவீதம் 66, அதையும் தாண்டிடுச்சு. விக்கறவர் 72-க்கு வித்த மாதிரி லாபக் கணக்கு போடணும், வாங்குறவருக்கோ அந்த 12 லட்சம் வித்தியாசம் வருமானமா சேர்ந்து ஸ்லாப் படி வரி. கைக்கு வராத காசுக்கு ரெண்டு பேரும் வரி கட்ற நிலைமை. அதனால வழிகாட்டி மதிப்பு ஏறுதுன்னு மாநில அரசு அறிவிக்கறப்ப பத்திரச் செலவு எவ்வளவு கூடும்னு மட்டும் பாக்காம இதையும் பாருங்க, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே பாருங்க. உண்மையான சந்தை விலை குறைவுதான்னு சொல்லி மதிப்பீட்டு அதிகாரிகிட்ட அனுப்பச் சொல்ல சட்டத்துல வழி இருக்கு, ஆனா அது நாள் பிடிக்கற வேலை.

டிடிஎஸ் வாங்குறவர் பொறுப்பு, இது தெரியாம அபராதம் கட்றவங்க நிறைய. 2013-ல இருந்து 50 லட்சமோ அதுக்கு மேலயோ சொத்து வாங்கினா விலைல 1 சதவீதம் பிடிச்சு பான் நம்பரை வச்சு அரசுக்கு கட்டணும், கிராமப்புற விவசாய நிலத்துக்கு மட்டும் விலக்கு. 2022 பட்ஜெட்ல விலை, வழிகாட்டி மதிப்பு ரெண்டுல எது கூடவோ அது மேல 1 சதவீதம்னு ஆச்சு. கணவன் மனைவி சேர்ந்து 80 லட்சத்துக்கு வாங்கினா ஆளுக்கு 40 லட்சம்தானே, டிடிஎஸ் வேண்டாம்னு சிலர் சொல்லிட்டு இருந்தாங்க, 2024 ஜூலை பட்ஜெட்ல அந்த சந்தேகத்தையும் தீர்த்துட்டாங்க, அக்டோபர் 1-ல இருந்து மொத்த விலையைத்தான் பாக்கணும், 80,000 பிடிக்கணும். தாமதமா ஸ்டேட்மெண்ட் போட்டா நாளுக்கு 200 ரூபாய். விக்கறவர் என்ஆர்ஐ-ன்னா 1 சதவீதம் கணக்கே பொருந்தாது, 50 லட்சம் வரம்பும் இல்ல, பிடிக்க வேண்டியது ரொம்ப அதிகம், அதனால பேச்சு ஆரம்பிக்கும்போதே "நீங்க ரெசிடென்ட்டா"ன்னு கேட்டுடுங்க, வெக்கப்படாதீங்க.

அறிவிப்பு வேற, அமல் வேற. 2024-ல மூலதன ஆதாய மாற்றம் உரை வாசிச்ச அன்னிக்கே அமலுக்கு வந்துச்சு, ரெண்டு வாரத்துல அதுலயே திருத்தம் வந்துச்சு, டிடிஎஸ் மாற்றம் அக்டோபர்ல, மாநில பதிவுக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் ஏப்ரல் 1-ல. பட்ஜெட் உரைல கேக்கறது சட்டம் இல்ல, மசோதா நிறைவேறினாத்தான் சட்டம். அதனால பிப்ரவரி மாசமே அவசரப்பட்டு விலையைக் குறைச்சு விக்கறதோ பேசி வச்ச கிரயத்தை தள்ளிப் போடறதோ வேண்டாம், தேதி என்னன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1-ல இருந்து 1961 சட்டத்துக்கு பதிலா வருமான வரிச் சட்டம் 2025 வந்திருக்கு, பிரிவு எண்கள் எல்லாம் மாறிடுச்சு, அதனால பழைய வீடியோல 54, 80சி-ன்னு கேட்ட நம்பர் புது படிவத்துல இல்லன்னா பயப்படாதீங்க.

கடைசியா, 2024 ஜூலை 23-க்கு அப்புறம் வாங்கினவங்க, இனிமே வாங்கப் போறவங்க. உங்களுக்கு இண்டெக்சேஷன் எந்த ரூபத்துலயும் கிடையாது, 15 வருஷம் கழிச்சு வித்தாலும் நீங்க போட்ட ரூபாய்தான் கழியும், பணவீக்கம் கணக்குல வராது. அதனால போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆதாரம் வேணும். பத்திரத்துல இருக்கற விலை, முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் இதெல்லாம் வாங்கின விலையோட சேரும், அதனால ரசீதை பத்திரத்தோடவே வைங்க. பின்னாடி மாடி எடுத்தாலோ ஒரு ரூம் இழுத்துக் கட்டினாலோ அந்த செலவும் சேரும், பெயிண்ட் அடிச்சது, குழாய் மாத்தினது சேராது. ஏற்கனவே வரில கழிச்ச லோன் வட்டியை மறுபடி வாங்கின விலைல சேர்க்க முடியாதுன்னு 2023 பட்ஜெட்ல மூடிட்டாங்க. மேஸ்திரிக்கு கைல குடுத்துட்டு துண்டு சீட்டுல எழுதி வச்சா விக்கற வருஷம் அது செல்லாது, பேங்க் வழியா அனுப்புங்க, பில்லுல அட்ரஸ் இருக்கட்டும், மாடிக்கு வாங்கின பிளான் அப்ரூவலும் அதே ஃபைல்ல இருக்கட்டும்.